லேப்டாப்பில் பதினொன்று புள்ளி எட்டு

டிசம்பர் 3, செவ்வாய்

தம்பி நவநீதனின் வண்டி இன்று மறுபடியும் என் ஷெட்டுக்கு வந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சுகுணா பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வலதுபக்கம் முழுவதும் புதிதாகத் தட்டி, அதே மயில்கழுத்து நிறம் அடித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத வண்டி.

“பிப்ரவரி ஒம்பதாந்தேதி கிளப் ரேஸ் இருக்குதுங்க மாமா. அதுல நான் ஓட்டறேன். நீங்கதான் டியூன் பண்ணித் தரோணும்” என்றாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டனுங்க. அத்தை மூணு நாளா என்கூடப் பேசறதில்லை.”

எஞ்சினை யார் கட்டியது என்று கேட்டேன். ஒருத்தர் கட்டினார் என்றாள். யார் என்று மறுபடி கேட்டதற்கு, நன்றாகக் கட்டியிருக்கிறார், அது போதாதா என்றாள். தம்பி மனைவியிடம் அதற்கு மேல் குறுக்கு விசாரணை நடத்த முடியாது.

டேஷ்போர்டில் ஓ2 கேஜ் மேல் கறுப்பு டேப் அப்படியே ஒட்டியிருக்கிறது. டிங்கர் பட்டறையில் யாரும் பிய்க்கவில்லை. நானும் பிய்க்கவில்லை. லேப்டாப் இருக்கும்போது கேஜ் எதற்கு?

தூக்கம் வரவில்லை என்று போனபோது டாக்டர்தான் இந்த நோட்டை எழுதச் சொன்னார். மனதில் இருப்பதை எழுதுங்கள் என்றார். இதுவரை மனதில் இல்லாததை எல்லாம் ஒழுங்காக எழுதி வருகிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஷெட் திறக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

வண்டியைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறேன். ஆறு நாளாகிவிட்டது, இன்னும் பேட்டரி கூட மாட்டவில்லை. வேறு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். கிளினிக் டாக்டரின் ஜீப்பில் ஏசி சத்தம் என்று ஒரு புகார். அது என் வேலையே இல்லை, அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

நடந்ததை ஒரு முறையாவது வரிசையாக எழுதி வைக்கலாம். போன பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிறு. ஆறாவது லாப். நேர்ச்சாலையின் கடைசியில் எஞ்சின் அப்படியே இறுகிவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று, டிரைவர் பக்கமாகச் சுவரில் மோதியது. நவநீதனுக்கு முப்பத்தாறு வயது.

கிளப்பில் ‘எஞ்சின் கோளாறு’ என்று எழுதி முடித்தார்கள். எஞ்சின் கட்டியவர் ஆரோக்கியம் அண்ணன். எலக்ட்ரானிக்ஸும் வயரிங்கும் நான். எங்கள் மூன்று பேர் கூட்டு அது: அவர் கட்டுவார், நான் டியூன் பண்ணுவேன், நவநி ஓட்டுவான். எஞ்சின் என்று சொன்னதும் எல்லாரும் ஆரோக்கியம் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எஞ்சின் கொடுக்கவில்லை. இப்போது ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறார்.

இதில் நான் செய்ய என்ன இருக்கிறது?

டிசம்பர் 12, வியாழன்

ஸ்டார்ட் பண்ணினேன். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கட்டியவன் கை சுத்தமான கை. ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை.

சுகுணா பக்கத்தில் நின்று, லேப்டாப்பில் ஓடும் எண்களைப் பார்த்து அர்த்தம் கேட்டாள். நவநி ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்கு நான் சொன்னால் சரி.

சொல்லிக் கொடுத்தேன். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசியூ. கம்பெனி கொடுத்த ஈசியூவைக் கழற்றிவிட்டு வெளி ஈசியூ போட்டால் அதற்கு ஒன்றுமே தெரியாது. எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எவ்வளவு பெட்ரோல் என்பதை நாம்தான் கட்டம் கட்டமாக எழுதித் தர வேண்டும். முதலில் குத்துமதிப்பாக எழுதுவோம். சைலன்சர் குழாயில் ஒரு ஓ2 சென்சார் இருக்கிறது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது பார்க்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போனது என்று அதை வைத்து லேப்டாப்பிலும் டேஷ்போர்டு கேஜிலும் எண் காட்டும். எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, இறங்கினால் அதிகம். ஈசியூ அந்த எண்ணைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் திருத்தியது என்று பார்த்து, அதை நான் நிரந்தரமாக எழுதிவிடுவேன். திருத்த ஒன்றுமில்லாத நிலை வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் டியூனிங்.

“முழுசா மிதிக்கறப்ப எவ்வளவுங்க இருக்கோணும்?”

“இந்த டர்போ எஞ்சினுக்குப் பதினொன்று புள்ளி எட்டு.”

“அது பதிமூணு ஆச்சுன்னா?”

“வெந்துடும்.”

அவள் அந்த எண்ணை விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அத்தைக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் அண்ணன் தேங்காய் பன் வாங்க வந்தார். கம்பெனி யூனிபார்ம் சட்டை, பையில் பேர் எழுதிய அட்டை. இருபது வருடம் சொந்தப் பட்டறை வைத்திருந்த ஆள். “என்ன கிருபா, நல்லா இருக்கியா?” என்றார். “இருக்கேண்ணா” என்று சொல்லி, பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவநியை எடுக்கும்போது அவர் மாலையோடு வந்தார். அம்மா வாசலில் இறங்கி, குனிந்து ஒரு கை மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். “என்ற புள்ளையக் கொன்னவனே, உன்ற கை வெளங்காமப் போக” என்று கத்தினாள். ஊரே பார்த்தது. அவர் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கூட விடவில்லை. மாலையைக் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்.

டீ ஆறிப்போயிருந்தது. அதனால்தான் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

காலை ஆறு மணிக்கு பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். சுகுணா ஸ்டியரிங்கில், நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில். நன்றாக ஓட்டுகிறாள். நவநியைப்போல் கியரை அடித்துத் தள்ளுவதில்லை. அவர்கள் இருவரும் பழகியதே இந்தக் கிளப்பில்தான், அவள் அப்போது அவனைவிட வேகம் என்று சொல்வார்கள்.

மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கச் சொன்னேன். முதலில் ஈசியூ பத்து புள்ளி ஆறு என்று காட்டியது. பெட்ரோல் அதிகம் என்று அதுவே குறைத்துக்கொண்டு வந்து பதினொன்று புள்ளி எட்டில் நிறுத்தியது. நான் சொன்ன எண், நான் சொன்ன இடத்தில்.

“கேஜ்ல டேப்பு அப்படியே இருக்குதுங்க மாமா” என்றாள்.

“இருக்கட்டும். ரெண்டு இடத்துல பாத்தா குழப்பம்தான்.”

அவள் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள். நிறுத்தியபின் கையைப் பார்த்தால், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன.

டிசம்பர் 21, சனி

வண்டியை டைனோவில் ஏற்றினேன். வேலை முடியவில்லை. தலைவலி.

டிசம்பர் 23, திங்கள்

வேலை முடியவில்லை என்று எழுதியது பொய்.

டைனோ என்பது வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, இருந்த இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் மெஷின். சனிக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். டேப்பைப் பற்றிச் சுகுணா சொன்னது முதல்நாளிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் டேப்பைப் பிய்த்தேன். ஐடிலில், மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மிதிக்க மிதிக்க விலகின. முழுதாக மிதித்தபோது லேப்டாப்பில் பதினொன்று புள்ளி எட்டு. கேஜில் பதிமூன்று.

காலை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஆற விட்டு மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே. ஒரே சென்சார், ஒரே குழாய், ஒரே புகை. இரண்டு எண்.

கேஜ் எர்த் எடுப்பது எஞ்சின் பிளாக்கிலிருந்து. ஈசியூ எர்த் எடுப்பது உள்ளே, இடதுபக்க டேஷ்போர்டுக்கு அடியில், பாடியில் ஒரு போல்ட்டிலிருந்து. அந்த எர்த் சரியாக இல்லாவிட்டால், பம்ப், ஃபேன், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது ஈசியூவுக்குச் சென்சார் வோல்டேஜ் குறைவாகத் தெரியும். இருப்பதைவிடப் பெட்ரோல் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொண்டு குறைக்கும். குறைத்ததை நான் கட்டத்தில் எழுதுவேன்.

அந்த போல்ட்டை மாட்டியவன் நான். மோதியது வலது பக்கம். இடது பக்கத்தில் ஒரு வயர்கூட அசையவில்லை. போன பிப்ரவரியில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பெயின்ட். பளபளவென்று, கீறல் இல்லாமல். எமரி பேப்பரால் இரும்பு தெரியும்வரை தேய்த்து மறுபடி மாட்டினேன். லேப்டாப்பும் கேஜும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன.

ஐந்து நிமிட வேலை.

டிசம்பர் 29, ஞாயிறு

ஈசியூ பதிந்து வைத்த எண்கள், போன வருடத்து லாக் ஃபைல், என் லேப்டாப்பிலேயே இருக்கிறது. விபத்துக்கு மறுநாளே எடுத்து வைத்துவிட்டேன். பத்து மாதம் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இனிமேல் என்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். திறந்தால், எஞ்சின் வெந்த லாப்பிலும் பதினொன்று புள்ளி எட்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரேஸுக்கு முதல்நாள், சனிக்கிழமை மதியம், பிராக்டிஸ் முடித்து டிராக்கிலிருந்து நவநி போன் பண்ணினான். நான் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன்.

“அண்ணா, கேஜ்ல பதிமூணு காட்டுது. நேர்ரோட்டுல மிதிக்கறப்ப மட்டும். வண்டியும் கொஞ்சம் சூடாட்ட இருக்குது.”

“லேப்டாப்ல எவ்வளவு?”

“பதினொன்னு புள்ளி எட்டுண்ணா.”

“அப்புறம் என்ன? அந்தக் கேஜு சந்தைல வாங்குனது. அதப் பாத்துட்டு ஓட்டுனா உனக்கு வேகம் வராது. ஒரு டேப்ப எடுத்து மேல ஒட்டிட்டு ஓட்டு.”

“சரிண்ணா. நீ சொன்னாச் சரி.”

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பிப் போய் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

எர்த் போல்ட்டில் பெயின்ட் இருந்தது கவனக்குறைவு. யாருக்கும் நடக்கும். வண்டியில் உட்கார்ந்திருந்தவன் கண்ணால் பார்த்துச் சொன்னதை, சோற்றுக் கையோடு பந்தியில் உட்கார்ந்திருந்த நான் பொய் என்றேன். லேப்டாப் என்னுடையது என்பதால்.

ஜனவரி 2, வியாழன்

மிக்ஸி ஜாரில் பிளேடு மாற்றிக் கொடுத்தேன். அம்மா நன்றாக அரைக்கிறது என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வருடம் திரும்பாததால் பானை வைக்கவில்லை. அம்மா வெறும் தயிர் சாதம் போட்டாள்.

வண்டி அருமையாக ஓடுகிறது. எல்லாக் கட்டங்களையும் புதிதாக எழுதிவிட்டேன். திருத்த ஈசியூவுக்கு வேலையே இல்லை. இனி நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இந்த நினைப்பு மூன்று வாரமாகச் சுகமாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: “அந்தப் பாவி கை படாததனாலதான் இப்ப வண்டி நல்லா ஓடுது.” இப்போது அவள் சுகுணாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவ வந்த இடத்தில் சுகுணா மெதுவாகச் சொன்னாள்.

“இந்த எஞ்சினக் கட்டுனது ஆரோக்கியம் அண்ணன்தானுங்க மாமா. ஷிப்டு முடிச்சுப்போட்டு வந்து, நாலு மாசமா ராவும் பகலுமாக் கட்டிக் குடுத்தாரு. வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் விடலை.”

குழாயைத் திறந்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘யாரு ஓட்டறதுக்கு முன்னாலயும் கிருபா ஒருதரம் வயரிங்கப் பாத்தரோணும், வேற யாரும் பாக்கக் கூடாது’ன்னு.”

குழாயை மூடாமலேயே நின்றிருக்கிறேன். அவள்தான் மூடிவிட்டுப் போனாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கோயில் முடிந்து வரும் நேரம் பார்த்து ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன்.

“உள்ள வா கிருபா. நின்னுட்டே இருந்தா எப்படி?”

“அண்ணா, ஈசியூ எர்த்து...”

“தெரியும்.”

ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

“அன்னிக்கு ராத்திரியே பிஸ்டனக் கழட்டிப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு” என்றார். “தலைல ஓட்டை, என்ற வெரல் போற அளவு. பிளக்கு எல்லாம் சுண்ணாம்பாட்ட வெளுத்துக் கெடந்துச்சு. பெட்ரோல் பத்தாம வெந்திருக்குது. நான் கட்டுனதுல தப்புன்னா அது இப்படி உருகாது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா.”

“யாருகிட்ட? உங்கம்மா ஒரு பையனப் பாடைல வெச்சுட்டு நிக்கறாங்க. அப்பப் போயி, இன்னொரு பையன்தாம்மா காரணம்னு நான் சொல்றதா? அந்த மண்ணு என்ற தலைல விழுந்தா தட்டிட்டுப் போயிருவேன். உன்ற தலைல விழுந்திருந்தா?”

அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. டீ குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“ஆனா நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன் கிருபா. ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். பட்டறைய மூடற அன்னிக்குக்கூட ரோட்டப் பாத்துட்டேதான் பூட்டுனேன்.”

அவரை நல்லவர் என்று எழுதி இந்தப் பக்கத்தை முடிக்கலாம். ஆனால் அவர் என்னை மன்னித்ததாக எங்கேயும் சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். எர்த், வோல்டேஜ் எல்லாம் அவளுக்குப் புரியாது. ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி மாட்டியிருக்க வேண்டும், நான் சுரண்டவில்லை, அதனால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போய் இறுகிவிட்டது என்றேன்.

“எதுக்குச் சொரண்டல?”

“உள்ள வெளிய எல்லாம் அப்பத்தான்மா புதுசா அடிச்சிருந்துச்சு. நவநி ஆசப்பட்டு அடிச்ச கலரு. ஒரு கீறல் உழுந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். சொரண்ட மனசு வரல.”

இன்னொரு கொத்தை எடுத்து உருவினாள்.

“அப்ப ஆரோக்கியம் இல்லியா?”

“இல்லம்மா.”

“அவனுக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும்.”

முறத்தைக் கீழே வைத்தாள். “நான் மண்ண வாரித் தூத்தறப்ப நீ எங்கடா நின்னே?”

“உன்ற பக்கத்துலதாம்மா. உன்ற கையப் புடிச்சுட்டு.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். போனில் நவநி சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட எழுத முடியாது, எடுக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

அம்மா சமைத்து மூடி வைக்கிறாள். நான் போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன். ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

வருஷ திதி. தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்.

காலையில் அம்மா சுகுணாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் எங்கேயோ போனாள். திரும்பும்போது ஆரோக்கியம் அண்ணனும் கூட இறங்கினார். என்ன பேசினார்கள், அவர் காலில் விழுந்தாளா, கையைப் பிடித்தாளா எதுவும் எனக்குத் தெரியாது. சுகுணாவும் சொல்லவில்லை. படையல் போட்டுக் கும்பிட்டபின் அம்மா முதல் இலையை அவருக்குப் போட்டாள்.

“இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்தட்டுங்களா?” என்று அவரிடம் நின்று நின்று கேட்டாள். அவர் கையை இலைக்குக் குறுக்கே நீட்டிப் போதும் போதும் என்றார். அம்மா அப்படியே அழுதுவிட்டாள். கரண்டி கையில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

எனக்கு இலை போட்டது சுகுணா.

பிப்ரவரி 8, சனி

நாளை ரேஸ். மதியம் டிராக்கில் கடைசி செக்கப். சுகுணா ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்வதென்றால் இன்றைக்குத்தான் என்று தோன்றியது. நாளைக்கு இவள் இந்த வண்டியில் உட்காரப் போகிறாள். என்னை எந்த அளவு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு உட்காரட்டும்.

“சுகுணா, எர்த்து மட்டும் இல்லம்மா. அதுக்கு முதல்நாள் நவநி எனக்குப் போன் பண்ணினான். கேஜ்ல பதிமூணு காட்டுதுன்னு சொன்னான். நான்தான் டேப்ப ஒட்டிட்டு ஓட்டுன்னு...”

“தெரியுமுங்க மாமா.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“இங்கதான் நின்னு பேசினாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. பந்திச் சத்தமெல்லாம் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல? ஒரு வருஷமா?”

“நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன். அதுக்குத்தான் வண்டிய உங்ககிட்டயே கொண்டுவந்து நிறுத்துனேன். டேப்பப் பிய்க்கவும் வேண்டாம்னு டிங்கர்கிட்டச் சொல்லி வெச்சேன்.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “உங்கமேல கோவம் இல்லீங்களான்னா, இருக்குது. நெறைய இருக்குது. ஆனா எந்த வாயில கோவப்படறதுங்க? டூல்ஸ் பெட்டில இருந்து அந்த டேப்ப எடுத்துக் குடுத்ததே நாந்தானுங்க மாமா.”

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தபடி நின்றோம். பக்கத்துப் பிட்டில், அடுத்த வண்டி நிற்கும் இடத்தில், யாரோ எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அடங்கியபின் அவள் கேட்டாள்:

“நாளைக்கு நேர்ல மிதிக்கறப்ப கேஜ்ல பதிமூணு காட்டுச்சுன்னா நான் என்ன பண்ணட்டுங்க?”

“காலை எடுத்துரு.”

“லேப்டாப்ல சரியா இருந்தா?”

“காலை எடுத்துரும்மா. என்னைக் கேக்காதே.”

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவும் வந்தாள். ஆரோக்கியம் அண்ணன்தான் கூட்டி வந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிட் சுவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னிடம் பேசி இருபது நாளாகிறது.

பத்து லாப் ரேஸ். சுகுணா ஐந்தாவதாகக் கிளம்பி ஆறாவது லாப்பில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டாள். ஆறாவது லாப்பில் வண்டி நேர்ச்சாலைக் கடைசிக்குப் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை வைத்துத்தான் அவள் திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது.

ஏழாவது லாப்பில், அதே நேர்ச்சாலை. முழு வேகத்தில் வந்த எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்தது. பின்னால் வந்த நான்கைந்து வண்டிகள் அவளைத் தாண்டிப் போயின. மயில்கழுத்து நிறம் ஓரமாக ஒதுங்கி, கை காட்டி, மெதுவாக ஒரு சுற்று சுற்றி, சைக்கிள் வேகத்தில் பிட்டுக்குள் வந்து நின்றது.

சுகுணா ஹெல்மெட்டைக் கழற்றினாள். “பன்னெண்டு புள்ளி எட்டு காட்டுச்சுங்க மாமா. எடுத்துட்டேன்.”

லாக் பார்த்தேன். லேப்டாப்பிலும் பன்னிரண்டு புள்ளி எட்டு. பெட்ரோல் தள்ளும் பம்ப் சூட்டில் தளர்ந்திருக்கிறது. ஈசியூ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, பம்ப்பால் கொடுக்க முடியவில்லை. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒரு லாப் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஆரோக்கியம் அண்ணன் பானெட்டைத் திறந்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் எஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். வண்டியைப் பார்த்தாள். வேர்த்து நின்ற சுகுணாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏன்டா நின்னுபோச்சு? ரிப்பேரா?”

“ஆமாம்மா” என்றேன். “ரிப்பேர்தான்.”

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க வாய்விட்டு அழுதேன். போன வருடம் நவநியும் இப்படி வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, “நான் சொல்லலியாண்ணா, கேஜு சரியாத்தான் காட்டுச்சு” என்று என்னைத் திட்டியிருக்கலாம்.